பயிற்சிக்கு ஒரு காலியிடம்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

பேருந்து நிலையத்தில் அன்று உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் பிரிவில் பயிற்சிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. அம்மாவின் கண் பரிசோதனை முடிந்து உங்களை வண்டியேற்ற நின்ற நேரம் முழுக்க அது என் நாக்கு நுனியில் இருந்தது. நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்னடி சோடாபுட்டி, உங்க கம்ப்யூட்டர் எங்க ஊரப் பத்தி என்னதான் சொல்லுது?” என்று கேட்டாய். “இன்னும் ஒண்ணும் வரலக்கா” என்றேன். பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் போய்விட்டேன். உங்களிடம் ஏற்கெனவே பாட்டில் இருந்தது. நான் இன்னொன்றோடு திரும்பி வந்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். வண்டி கிளம்பிவிட்டது.

அம்மா கண்ணைக் கசக்குவதை நிறுத்தினாளா? நீ சொட்டு மருந்து விட்டால் இறுக்க மூடிக்கொள்வாள். பாப்பாவை விடச் சொல். பேத்திக்கு மட்டும்தான் அவள் கண்ணைத் திறப்பாள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். நீயோ வார்டுக்குள் போகும்போது போனை அணைத்து லாக்கரில் பூட்டிவிடுகிறாய். நீ நர்சிங் படிக்கப் போன காலத்திலிருந்து நமக்குள் முக்கியமானதெல்லாம் தபாலில்தான் போய்வந்திருக்கிறது. இதுவும் அப்படியே போகட்டும்.

என் வேலையைப் பற்றி அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும்: “சின்னவ காய்ச்சலுக்கு ஜோசியம் பாக்குறா.” முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. ஒரு தொற்றுநோய் யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் போட்டு, அடுத்து எந்த ஊரில் எவ்வளவு கட்டில் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறோம். ஜோசியருக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம், நாங்கள் எவ்வளவு தப்பாகப் போகக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தீட்டுவோம். உண்மை அந்த நிழலுக்குள் எங்கேயோ இருக்கும்.

பயிற்சி ஆறு மாதம். இதுவரை கணிதமோ புள்ளியியலோ படித்தவர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை எங்கள் பேராசிரியர் அம்மா பிடிவாதம் பிடித்து, ஓர் இடத்தை வார்டில் வேலை பார்த்தவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். “நோயாளி எந்த வாசல் வழியா வர்றான்னு தெரியாதவங்களே இந்த ரூம் பூரா உக்காந்திருக்கோம்” என்று கூட்டத்தில் சொன்னாராம். புள்ளியியல் அடியிலிருந்து சொல்லித் தருவார்கள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதவும், யார் யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்டு வாங்கவும், தடுப்பூசி எந்தத் தெருவில் தொடங்கினால் நல்லது என்று திட்டம் போடவும் கற்றுக்கொள்ளலாம். முடித்தவர்கள் சும்மா இல்லை. எனக்கு முந்தைய வகுப்பில் இருந்த கால்நடை மருத்துவர் ஒருவர் இப்போது மாட்டுக் காய்ச்சலுக்குக் கணக்குப் போடுகிறார். பரிசோதனைக்கூடத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குத் துறைமுகத்தில் வேலை; கப்பலிலிருந்து எந்த நோய் இறங்குகிறது என்று பார்ப்பவள் அவள்தான். மேலே படிக்க ஆசைப்பட்டால் முதுநிலைப் பட்டத்துக்கும் இதிலிருந்தே வழி இருக்கிறது.

உனக்குக் கணக்கு வராது என்று எழுதாதே. வார்டில் யார் தேறுவார், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று நடந்துகொண்டே நீ போடுவதெல்லாம் என்ன?

விடுதி நன்றாக இருக்கிறது. ஆளுக்கொரு தனி அறை. எதிரெதிராக இரண்டு ஜன்னல், இரண்டும் திறக்கும். காற்று நேராகப் போகும். சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், கூட்டமாக உட்கார வேண்டியதில்லை. மாடிக்குத் தனிப் படிக்கட்டு. குடும்பத்தோடு தங்க என்று கீழே இரண்டு அறை இருக்கிறது; அம்மாவையும் பாப்பாவையும் கூட்டி வரலாம், கேட்டுவிட்டேன். மாமா லாரி ஓட்டிக்கொண்டு எந்த ஊரில் இருந்தாலும் உன்னைப் பார்க்க இங்கே வந்து போவது சுலபம்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். பரிந்துரைக்கும் இடத்தில் பேராசிரியர் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பெயரை நீ எழுதி அனுப்பினால் போதும். வகுப்பு தொடங்க நாள் இருக்கிறது. ஆனால் முன்னாலேயே வந்து தங்கலாம். முடிந்தால் இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வரியில் எழுதி, அதில் மூன்று வரியில் என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். “இந்த வயசுல ஸ்லேட்டத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா பாப்பா என்னைப் பாத்துச் சிரிப்பாடி. வார்டுல ஆள் கம்மி. அடுத்த வருசம் பாக்கலாம்.” அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக்காட்டினாயாம், “ரெண்டும் காய்ச்சலோட மாரடிக்கவா பொறந்துச்சுங்க” என்றாளாம். அம்மாவிடம் சொல், காய்ச்சல் இருக்கும் வரை அவள் பெண்களுக்கு வேலை போகாது.

அடுத்த வருடம் இந்த இடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த வருடம் இருக்கிறது.

எங்கள் அறையைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. முன்பு வரைபடங்கள் வைத்திருந்த அறையாம், சுவரெல்லாம் ஆணித் துளை. கம்ப்யூட்டர்களுக்காகக் குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வெயில் காலத்திலும் நான் சால்வையோடு உட்கார்ந்திருப்பேன். பெரிய திரையில் ஊருக்கு ஒரு கோடு. இங்கே இரண்டு விதிகள். குழு கையெழுத்துப் போடும் வரை எந்தக் கணிப்பும் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பாதி வெந்த கணக்கை நம்பி ஓர் ஊரே மூட்டை கட்டிய கதை முன்பு நடந்திருக்கிறது. வழியில் வண்டிகளில் நெருக்கியடித்துப் போனதில்தான் நோய் பரவியது. இரண்டாவது விதி, சொந்த ஊரின் கணக்கை யாரும் தொடக் கூடாது. ஆசையோ பயமோ விரல் வழியாக எண்ணுக்குள் இறங்கிவிடும் என்று பேராசிரியர் அம்மா சொல்வார். எனக்கு இரண்டு விதியும் சரியென்றுதான் படுகிறது. இங்கே சேர்ந்தபோது சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் நம் ஊரைப் பார்ப்பது பக்கத்து மேஜைக்காரர். கணக்குக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய படிப்பாளி, மருத்துவமனை வாசலை மிதிக்காத ஆள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவேன் என்று அவரே சொல்வார். வேலை செய்யும்போது விசிலடிப்பார். சகிக்காது, பாட்டு எதுவென்றே தெரியாது. ஆனால் பழகிவிட்டது. இந்த வாரம் அவர் விசிலடிக்கவில்லை. ஒருநாள் அவர் நாற்காலியைத் திருப்பி, உன் அக்கா எந்த வார்டு என்று கேட்டார். காய்ச்சல் வார்டு என்றேன். “ஓ” என்றார். பிறகு எனக்கு டீ வாங்கி வந்து வைத்தார். இதுவரை அவர் யாருக்கும் டீ வாங்கித் தந்ததில்லை.

வேறு செய்தி இல்லை. சில சின்ன விஷயங்கள் மட்டும். டியூட்டி ரூமில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவீர்களே, அதை விட்டுவிடுங்கள், ஒவ்வொருவராகச் சாப்பிடுங்கள். கதவுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஜன்னலை, அலமாரியை நகர்த்தியாவது திற. பாப்பாவைக் கொஞ்ச நாள் மாமாவின் அண்ணன் வீட்டில் விடலாமே, தோட்டம் இருக்கிறது, அவளுக்குப் பிடிக்கும். அம்மாவை இங்கே அனுப்பு, கண்ணை மறுபடி காட்ட வேண்டும் என்று சொல். ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். முகத்தோடு நன்றாக ஒட்டும் முகக்கவசங்கள் அவை, அங்கே கொடுப்பதைப் போலத் தொளதொளவென்று இருக்காது. உனக்கென்று வைத்துக்கொள். பங்கு போடாதே. நீ பங்கு போடுவாய் என்று தெரிந்துதான் கொஞ்சம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன்.

விண்ணப்பம் உன் கைப்பையில் மடிந்து கிடக்கும். எடுத்துப் பெயரை எழுது அக்கா. நான் உன்னிடம் அடிக்கடி எதையும் கேட்பவள் இல்லை.

உன்,
சோடாபுட்டி

*

வியாழக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பியவள் வந்து சேர்ந்துவிட்டாள்.

கீழே காவலாளி கூப்பிட்டு, பயிற்சிக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றார். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வாசலில் உன்னுடைய நீலப் பெட்டி இருந்தது, கைப்பிடியில் நீ கட்டிய அதே சிவப்பு ரிப்பன். பெட்டியைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு அதன் பக்கத்தில், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கும் இளம் நர்ஸை, உங்கள் வார்டில் எல்லோரும் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடுபவளைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்திருக்க வேண்டும். “பெரிய சிஸ்டர் கொடுத்தாங்க” என்று உன் கடிதத்தை நீட்டினாள்.

“அடியே சோடாபுட்டி, நீ பயிற்சின்னு எழுதினா எனக்குப் புரியாதா? ஒரு பக்கம் பூரா ஜன்னல் எப்படித் தொறக்கும்னு எழுதியிருக்க. எந்த ஹாஸ்டலுக்குடி ஜன்னலப் பாத்து ஆள் சேக்குறாங்க? அன்னைக்கு அந்தத் தண்ணி பாட்டிலோட வந்து நின்னியே, அப்பவே தெரியும். அந்த இடத்த இவளுக்குக் கொடுத்துட்டேன். கணக்குல புலி, என்னை மாதிரி மண்டு இல்ல. புருசன் வெளிநாட்டுல. மாசமா இருக்கான்னு சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு பயந்து பெரிய கோட்டப் போட்டு மறைச்சுட்டுத் திரியிறா. ரெண்டு பேரா வந்திருக்கா, பத்திரமாப் பாத்துக்க. பாப்பாவ அவ பெரியப்பா வீட்டுல விட்டாச்சு. அம்மா வர மாட்டேங்குறா.”

அக்கா, ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது உன் பெயர் எழுதுவதற்காக நான் வாங்கியது. இதை எழுதும்போது விடுதியில் என் பக்கத்து அறையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள், இரண்டு ஜன்னலும் திறந்திருக்கின்றன. உன்மேல் கோபப்படலாம் என்று பார்க்கிறேன், அவள் ஓர் இருமல்கூட இல்லாமல் தூங்குவதைப் பார்த்தால் முடியவில்லை.

அவள் வந்த இரண்டாம் நாள்தான் சொன்னாள், அங்கே கட்டிலும் இல்லை தரையிலும் இடம் இல்லை, ஆஸ்பத்திரிக் கேட்டைச் சாத்திவிட்டார்கள் என்று. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் போனால்தான் வெளியே காத்திருப்பவர்களில் ஒருவரை எடுக்கிறீர்களாம். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புகிறீர்களாம். நீ கேட்டருகே நின்று யாரை எடுப்பது என்று சொல்கிறாயாம். அதை அவள் சொன்ன விதத்தில், நீ இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை என்று எனக்குப் புரிந்தது.

இன்று காலை நடந்ததை எழுத வேண்டும். வாராந்திரக் கூட்டத்தில் நம் ஊரின் கோடு திரையில் வந்தது. ஏறி ஏறிப் போன கோடு, திரும்பி இறங்கியிருந்தது. கணக்குக்காரர் விசிலடித்தார். “அப்பாடா, எறங்கிடுச்சு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மனசார எனக்காகச் சந்தோஷப்பட்டார், நல்ல மனுஷன். உபரிக் கட்டில்களும் ஆக்சிஜனும் ஆட்களும் ஒரு தொகுதிதான் கையிருப்பில் உண்டு. நம் ஊருக்கு என்று ஒதுக்கி, லாரியில் ஏற்றியும் ஆகிவிட்டது. இனி அங்கே தேவையில்லை, துறைமுகப் பக்கம் திருப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

சொந்த ஊர்க் கணக்கில் நான் வாய் திறக்கக் கூடாது. எழுந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, ஆனாலும் பேசினேன். நாம் எண்ணுவது நோய் வந்தவர்களை அல்ல, புதிதாக வார்டில் சேர்க்கப்பட்டவர்களை என்றேன். கட்டில் காலியானால்தானே புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியும்? வார்டு நிறைந்துவிட்டால் இந்தக் கோடு இறங்கத்தான் செய்யும். அங்கே நோய் குறையவில்லை, இடம்தான் தீர்ந்துபோயிருக்கிறது.

கணக்குக்காரர் மெதுவாக, “சொந்த ஊருங்கிறதால சொல்றியாம்மா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. விதி அப்படி, கேட்டாக வேண்டும். “ஆமா சார். சொந்த ஊருங்கிறதாலதான் எனக்குத் தெரியும்” என்றேன்.

பேராசிரியர் அம்மா கடைசி வரிசையில் இருந்த சின்ன சிஸ்டரைப் பார்த்து, கேட்டை எப்போது சாத்தினார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு அவர் எழுந்து போய்த் திரையில் அந்த நாளின் மேல் விரலை வைத்தார். கோடு திரும்பியதும் அதே இடத்தில்தான். அவர் விரலை எடுக்கவில்லை. “லாரி எங்க போகணுமோ அங்கயே போகட்டும். இன்னும் ஒரு லாரி கிடைக்குமான்னு கேளுங்க” என்றார். கணக்குக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வார்டு தெரிந்தவள் கணக்கைத் தொடக் கூடாது. தொட்டவருக்கு வார்டு தெரியாது. நாங்களே செய்த ஏற்பாடு அது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் புது வார்டு திறக்கப் போகிறார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்பே கட்டில்கள் வந்திருக்கும்.

நம் ஊரின் கணிப்புக்குக் குழு சென்ற வாரம்தான் கையெழுத்துப் போட்டது. அதனால் இப்போது சொல்லலாம். பேருந்து நிலையத்தில் நான் உன்னிடம் சொல்லாதது பயிற்சி இடத்தைப் பற்றி அல்ல. உங்கள் வார்டு எப்போது நிறையும் என்று அன்றைக்கே எங்கள் திரையில் இருந்தது. நிழலின் மேல் விளிம்பில் போனால் ஒரு வாரத்தில், கீழ் விளிம்பில் போனால் மூன்று வாரத்தில். நீ ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டபோது நான் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தேன். சொல்லியிருந்தால் மட்டும் நீ வண்டியை விட்டு இறங்கியிருப்பாயா? இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரை விரட்டியிருப்பாய். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

இன்னொன்று. முந்தாநாள் சின்ன சிஸ்டர் பத்திரமாக வந்தாளா என்று கேட்கப் போன் செய்தாய். பேச்சின் நடுவே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாய். என்னக்கா என்றதற்கு, “மாடிப்படி ஏறி வந்தேன்டி” என்றாய். உங்கள் டியூட்டி ரூம் தரைத்தளத்தில் இருக்கிறது. மேலே மாடியே கிடையாது.

நான் உன்னை இனி இங்கே வரச் சொல்லவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். புது வார்டு திறந்ததும் கேட்டில் நின்று அடுத்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்காதே. உன்னை நீயே நோயாளியாக நினைத்துப் பார். யாருக்குக் கட்டில் வேண்டும் என்று உன் கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியுமே, கண்ணாடி முன்னால் ஒருமுறை நின்று, அந்தக் கண்ணால் உன்னைப் பார். அங்கே வேறு யாரோ நிற்பதாக நினைத்து முடிவு செய். வரிசையில் கடைசியாக நிற்காதே அக்கா.

சின்ன சிஸ்டர் நன்றாகச் சாப்பிடுகிறாள். குழந்தை உதைக்கிறதாம். பெண்ணாகப் பிறந்தால் பெரிய சிஸ்டர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். நீ வந்து வைப்பாய் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லாத,
உன் தங்கை

*

பள்ளிக்கூடக் கட்டடத்தில் வார்டு திறந்தது. அன்றே எங்கள் ஊரின் கோடு மறுபடி ஏறியது. கணக்குக்காரர் எண்ணைத் திரையில் போட்டபோது அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. மாமாவின் போன் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் நாள் சேர்க்கப்பட்டவர்களில் அக்காவும் ஒருத்தி.